ரபீகாவின் விளையாட்டு

அலவத்துகொட,
1934 ஆகஸ்ட்.

என் அன்புத் தங்கச்சி மஸீனாவுக்கு, ராத்தா கைரியா ஸலாம் சொல்லி எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம். கைப்பிள்ளை நன்றாகப் பால் குடிக்கிறதா? நம் மஹ்மூத் நானா பதுளைக்கு வருகிறார். இதை உன் கையிலேயே கொடுக்கச் சொன்னேன். மச்சான் இல்லாத நேரம் வாசித்துவிட்டு அடுப்பில் போடு.

உன் பிரசவத்துக்காக எங்களிடம் விட்ட உன் மகள் ரபீகா ஒழுங்காகச் சாப்பிடுகிறாள். ஆனால் போன கிழமை என் சின்ன மகனைக் கன்னத்தில் அறைந்தாள். ஐந்து வயதுப் பிள்ளை அடிக்கிற அடியில்லை அது. அவன் அழ முன்னமே வாயைப் பொத்தினாள்.

பக்கத்து வீட்டுப் பையன்களிடம் பழகிவிட்டாள் என்று நினைத்து அங்கே போகவிடாமல் மறித்தேன். பிறகு ஓதப் போகும் இடத்தைச் சந்தேகித்து, லெப்பையின் பெண்சாதியிடம் விசாரித்தேன். அங்கே யாரும் பிள்ளைகள்மேல் கை நீட்டுவதில்லை என்றார். என் வீட்டுக்காரரைக்கூட இரண்டு நாள் கவனித்துக்கொண்டிருந்தேன்.

நேற்று மத்தியானம் கதவிடுக்கால் பார்த்தேன். ரபீகா முதலில் ஜன்னலைச் சாத்தினாள். தலையணைக்கு என் முக்காட்டைப் போர்த்திக் கதிரையில் வைத்தாள். முடியைச் சுருட்டிப் பிடிப்பதுபோல் முக்காட்டைப் பிடித்துக்கொண்டு, மாறி மாறி அறைந்தாள். பிறகு குனிந்து மெதுவாகச் சொன்னாள்: "யாரும் கேட்டா அலுமாரிக் கதவு பட்டிச்சிண்டு சொல்லு."

பெருநாளைக்கு நீ வந்தபோது நெற்றிக் காயத்துக்கு அதே காரணத்தைத்தான் சொன்னாய். மச்சான் பக்கத்திலேயே நின்றார்.

நான் உள்ளே போனதும் பிள்ளை இரண்டு கையாலும் தன் முகத்தை மூடிக்கொண்டாள். மடியில் வைத்து, இது யார் செய்வது என்று கேட்டேன். "உம்மா சொல்லக்கூடாதுண்டு சொன்னா" என்றாள். அதற்குமேல் நான் கேட்கவில்லை.

நானாவிடம் இதைச் சொல்லவில்லை. அவர் கோபம் உனக்குத் தெரியும், தங்கச்சிக்காக மச்சானை அடித்துவிடுவார். அதையும் ரபீகா கேட்டுப் பழகுவாள். பிள்ளைக்குக் காய்ச்சல், உம்மாவைத் தேடுகிறாள் என்றுதான் சொல்லியிருக்கிறேன்; மச்சானிடமும் அவர் அதையே சொல்வார். காய்ச்சல் ஒன்றுமில்லை, பயப்படாதே. நீ மறுத்துப் பேசாமல் கைப்பிள்ளையோடு நானாகூட ரயில் ஏறு. பேராதனையில் நானும் என் வீட்டுக்காரரும் வண்டியோடு நிற்போம்.

நிறைய உடுப்பு எடுக்காதே, மச்சானுக்குச் சந்தேகம் வரும். உடுக்க என் சேலைகள் இருக்கின்றன. எத்தனை நாளென்று இங்கே யாரும் கேட்கமாட்டார்கள்.

நீ வந்து சேரும்வரை அல்லாஹ் உன் உடம்பில் ஒரு கீறலும் விழாமல் காக்கட்டும்.

துஆவுடன்,
உன் ராத்தா கைரியா