வாதாமரத்துக்கு எதிராக ஒரு ரம்பம்

மாமா,

இன்று காலை கடையைத் திறந்ததும் முதலில் கையில் எடுத்தது ஒரு பழைய மரம் அறுக்கிற மிஷின். கயிற்றின் நாலாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது. பெட்ரோலும் ஆயிலும் சேர்ந்து எரியும் அந்த நீலப் புகை ஷட்டரைத் தாண்டித் தெருவுக்குப் போயிற்று. பக்கத்து டீக்கடைக்காரர் வழக்கம்போல மூக்கைப் பொத்திக்கொண்டு என்னைத் திட்டினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஊருக்கெல்லாம் அது வெறும் புகை. எனக்கு மட்டும் அதற்குள் எப்போதும் உங்கள் வீட்டுக் கக்கூஸ் கதவு தெரிகிறது.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. பன்னிரண்டாவது முடித்து, கேட்ட பாடம் கல்லூரியில் கிடைக்காமல், சங்கராபுரத்து வீட்டில் சும்மா இருந்தேன். அப்பா கல்வராயன் மலையிலிருந்து மரவள்ளிக்கிழங்கு ஏற்றி வரும் மினி லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். ஒருநாள் கிழங்கு மூட்டைகளுக்கு மேல் இந்த ஜாதி மிஷின் ஒன்று வந்து இறங்கியது. மலையில் யாரோ ஒருவருடைய கொட்டகையில் பல வருஷமாகக் கிடந்ததாம். அதன்மேல் கோழி அடை உட்காரத் தொடங்கிய பிறகு, 'எடுத்துக்கினு போப்பா' என்று தூக்கிக் கொடுத்துவிட்டார்களாம். அப்பாவைவிட வயதான மிஷின். கயிற்றை இழுத்தால் தடையே இல்லாமல் கையோடு வந்தது. உள்ளே இன்ஜின் இருக்கிறதா என்றே சந்தேகமாக இருந்தது.

"இரும்புக்கடைக்குப் போட்டுடலாம்" என்றார் அப்பா.

"நான் ரெடி பண்றேம்பா."

அதுவரை நான் கழற்றிப் பார்த்திருந்த ஒரே இயந்திரம் அம்மாவின் மிக்சி. அது அதற்குப் பிறகு ஓடவில்லை. அப்பா என்னையும் மிஷினையும் மாறி மாறிப் பார்த்தார். "தை பொறக்கறதுக்குள்ள ஓடணும். இல்லன்னா இது இரும்புக்கடைக்கு, நீ டைப்பிங் கிளாசுக்கு."

அப்பாவைப்போல அம்மா சந்தேகப்படவில்லை. அவருக்குக் காரணம் இருந்தது. பக்கத்து வீடான உங்கள் வீட்டு வாதாமரம் சுவரைத் தாண்டிப் பாதிக்குமேல் எங்கள் பக்கம் சாய்ந்திருந்தது. தட்டு அகலத்துக்குச் சிவந்த இலைகள், வௌவால் கடித்துப் போடும் காய்கள், எல்லாம் எங்கள் வாசலில். அம்மா கூட்டி அள்ளிச் சுவருக்கு அந்தப் பக்கம் கொட்டுவார். மத்தியானத்துக்குள் மாமி அதையெல்லாம் இந்தப் பக்கம் கொட்டிவிடுவார். ஒரே இலையை நாலு நாள் கூட்டியிருக்கிறோம். அன்று அம்மா சுவரோரம் நின்று, உங்கள் சமையலறை வரைக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "எம்பொண்ணு மிஷின ஓட்டட்டும். மொத வேல அந்த மரந்தான்!"

மறுநாள் மதியத் தொழுகை முடிந்து ஜவுளிக்கடையைச் சாத்திவிட்டு, கையில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலோடு எங்கள் வீட்டுக்குள் வந்தீர்கள். "இன்னாம்மா பண்ற? சும்மா பாத்துக்கினு இருக்கேன்" என்று உட்கார்ந்தீர்கள். அதற்குப் பிறகு ஒருநாள் தவறவில்லை. வரும்போது பிஸ்கட் பாக்கெட் வேறு. உங்களைப்போல நல்ல மனிதர் உண்டா என்று நினைத்தேன்.

போனில் ஏதோ ஒரு நாட்டுக்காரர் இன்ஜினைப் பிரிக்கும் வீடியோவைப் போட்டுக்கொண்டு, பேச்சு புரியாமல் அவர் கையை மட்டும் பார்த்து நானும் பிரித்தேன். கழற்றியதையெல்லாம் அம்மாவின் பழைய இட்லித் தட்டில் குழிக்கு ஒன்றாக வைத்தேன். பிஸ்டன் மேல் பூனை பிறாண்டியதுபோல் கோடுகள். அதைச் சுற்றியிருக்க வேண்டிய ரிங்குகள் தேய்ந்து காகிதமாகியிருந்தன. பெட்ரோலை உறிஞ்சித் தரும் கார்புரேட்டரைத் திறந்தால் உள்ளே ரப்பர் தாள் அப்பளம்போல் மொறுமொறுத்தது. நீங்கள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னீர்கள்: "தொறக்கறது சுலபம்மா. பொடவையக்கூட விரிச்சிடலாம். மடிக்கறதுக்குத்தான் ஆளு வோணும்."

ரிங்குக்காகக் கள்ளக்குறிச்சியில் நாலு கடை ஏறி இறங்கினேன். மூன்று கடையில் "வூட்டுல ஆம்பளைங்கள அனுப்பும்மா" என்றார்கள். நாலாவது கடைக்காரர் ஒரு பழைய மொபெட்டின் ரிங்கைத் தேடி எடுத்துக் கொடுத்தார். பொருந்தியது. மருந்தடிக்கிற மிஷின் கடையில் ரப்பர் தாள் கிடைத்தது. சிலிண்டரின் கீறல்களை உப்புத்தாளால் தேய்த்தே ஐப்பசி முடிந்தது.

எல்லாம் கூடிவந்தபோதுதான் லாக்கு காணாமல் போனது. பிஸ்டனைத் தண்டோடு இணைக்கும் ஊசி நழுவாமல் இருக்க இரண்டு பக்கமும் ஒவ்வொரு சின்னக் கம்பி வளையம் போட வேண்டும். அதுதான் லாக்கு. அது இல்லாமல் ஓட்டினால் ஊசி நகர்ந்து சிலிண்டரைக் கிழித்துவிடும். இட்லித் தட்டில் இரண்டு வைத்திருந்தேன், ஒன்றுதான் இருந்தது. கள்ளக்குறிச்சிக்குப் போய் இன்னொன்று வாங்கி வந்தேன். இரண்டு நாளில் அதுவும் காணோம். மூன்றாவதும் போயிற்று. காந்தத்தைக் கயிற்றில் கட்டித் தரை முழுக்க இழுத்தேன். அம்மா கோழியைச் சந்தேகப்பட்டு அதன் பின்னாலேயே இரண்டு நாள் திரிந்தார். நீங்களும் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, முட்டி போட்டு எங்களோடு தேடினீர்கள். "எங்கயும் போயிருக்காதும்மா. இங்கதான் இருக்கும்" என்று ஆறுதல் சொன்னீர்கள். பொய் சொல்லவில்லை மாமா. அது அந்த நேரத்தில் உங்கள் சட்டைப் பையில்தான் இருந்தது.

கார்த்திகையில் புயல் வந்தது. இரண்டு நாள் விடாத மழை. அப்பா லாரியோடு மலையில் மாட்டிக்கொண்டார். மின்சாரம் இல்லை. அன்று சாயங்காலம் நாலு மணி இருக்கும், லாரியிலிருந்து மூட்டை மொத்தமாகச் சரிவதுபோல ஒரு சத்தம். எங்கள் வீட்டின் மேல்தான் விழுந்துவிட்டது என்று அம்மாவும் நானும் வெளியே ஓடினோம். மரத்துக்கு எங்கள் மேல் கோபமில்லை. அது உங்கள் பக்கமே திரும்பி, கொல்லைப்புறக் கக்கூஸ் கதவில் முழு எடையையும் சாய்த்துப் படுத்திருந்தது. மாமி மழையில் நின்று தலையில் அடித்துக்கொண்டிருந்தார்.

"மாமா, உள்ளயா இருக்கீங்க?"

"வேற எங்க இருக்கேன்?" என்று உள்ளிருந்து உங்கள் குரல் வந்தது.

யாரோ கோடாலி கொண்டு வந்தார். சுவருக்கும் மரத்துக்கும் நடுவே ஓங்க இடமில்லை. சுவரை இடிக்கலாம் என்றார் ஒருவர். மேலே தண்ணீர்த் தொட்டி நிரம்பி நின்றது. மரம் அறுக்கிறவர்கள் எல்லாரும் பெரிய ரோட்டில் விழுந்த புளியமரத்தோடு போராடிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரம் மரம் ஒருமுறை முனகி, இன்னும் கொஞ்சம் இறங்கியது. கதவு நடுவில் விரிசல் விட்டது. அதுவரை வேடிக்கையாகப் பார்த்திருந்தவர்களும் ஓரடி பின்வாங்கினார்கள்.

"அம்மாடி! மிஷினு ஓடுமா?"

"ஓடும் மாமா. ஒரு லாக்குதான் இல்ல."

உள்ளே சத்தமே இல்லை. மாமி பயந்துவிட்டார். "இன்னாங்க, மயக்கமா?"

"இல்ல. யோசிச்சுக்கினு இருக்கேன்." பிறகு குரல் தணிந்து வந்தது. "அம்மாடி, உங்கம்மாவக் கொஞ்சம் அந்தாண்ட போவச் சொல்லேன்."

அம்மா அசையவில்லை.

"எங்க பீரோவுல அத்தர் டப்பா ஒண்ணு இருக்குது. அதுல பாரு. கெடைக்கும்."

மாமி ஓடிப்போய் எடுத்து வந்தார். திறந்தேன். பஞ்சில் வைத்து மூன்று லாக்குகள், துருப்பிடிக்காமல், மல்லிகை மணத்தோடு. தெருவே எட்டிப் பார்த்தது.

"மூணாண்ணே?" என்றார் அம்மா கதவைப் பார்த்து.

"மூணுதாம்மா. சத்தியமா அதுக்கு மேல இல்ல."

கோபப்பட நேரமில்லை. உங்கள் வராந்தாவில் உட்கார்ந்து, அம்மா குடை பிடிக்க, லாக்கை மாட்டினேன். சிலிண்டரை இறக்கினேன். ஈரக் கையிலிருந்து ஒரு திருகு மூன்று முறை நழுவி விழுந்தது. ஒவ்வொரு முறையும் தெருவே குனிந்து தேடியது. உள்ளிருந்து நீங்கள் வேறு, "இன்னா ஆச்சு? ஜாஸ்தி முறுக்கிடாத!" என்று கத்திக்கொண்டிருந்தீர்கள். ஒரு மணி நேரம் ஆனது. பதினோராவது இழுப்பில் அந்த மிஷின் இருமியது. பன்னிரண்டாவதில் பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தத்தில் நான் அழுதது யாருக்கும் கேட்கவில்லை.

அதுவரை நான் ஒரு குச்சியைக்கூட அறுத்ததில்லை. கிளைகளை முதலில் கழித்து, பிறகு அடிமரத்தைத் துண்டு துண்டாக எடுத்தேன். கடைசித் துண்டு உருண்டதும் கதவு தானாகவே விழுந்தது. நீங்கள் வெளியே வந்தீர்கள். எங்களிடம் வரவில்லை. நேராகப் போய் அறுபட்ட மரத்தின் மேல் கையை வைத்தீர்கள். காய்ச்சல் கண்ட பிள்ளையின் நெற்றியைத் தொடுவதுபோல மெதுவாக. "நாங்க இந்த வூட்டுக்கு வந்தப்ப வெச்சது. புள்ள இல்லாத வூட்டுல இதுதான் வளந்துச்சு. அதான் எடுத்துட்டேன். மன்னிச்சிக்கம்மா" என்றீர்கள்.

மறுநாள் விடிந்ததும் இரண்டு வீட்டு வாசலையும் அம்மாவே கூட்டினார்.

மூன்றாம் நாள் அப்பா மலையிலிருந்து இறங்கி வந்தார். கேள்விப்பட்டிருந்தார். சாப்பிட்டு முடித்து, "டைப்பிங் கிளாசுல எடம் இல்லையாம்" என்றார். அவர் அந்தப் பக்கமே போகவில்லை என்று எனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு நீங்கள்தான் என் விளம்பரப் பலகை. லுங்கி வாங்க வந்தவர்கள்கூட முழுக்கதையும் கேட்காமல் கடையை விட்டு இறங்க முடியாது. உள்ளே மாட்டியிருந்த நேரம் வருஷா வருஷம் வளர்ந்து ஒரு பகல் முழுக்க ஆகிவிட்டது. ஆனால் திருடியதை ஒருநாளும் கதையிலிருந்து விட்டதில்லை. "தப்பு எம்மேல, வேல அந்தப் பொண்ணுது" என்றுதான் முடிப்பீர்கள். மணலூர்பேட்டையிலிருந்து மருந்தடிக்கும் மிஷினோடு வந்த என் முதல் வாடிக்கையாளர், உங்கள் கடைப் பையைத்தான் கையில் வைத்திருந்தார்.

போன வருஷம் நீங்கள் காலமான செய்தி வந்தபோது நான் கச்சிராயபாளையத்தில் இந்தக் கடையில் இருந்தேன். அப்படியே ஆயில் கையோடு பஸ் ஏறினேன். பெண்கள் அறையில் மாமி பக்கத்தில் உட்கார்ந்தேன். அழுதுகொண்டிருந்தவர் என் கையைப் பிடித்து, "உங்கிட்ட எடுத்ததெல்லாம் குடுத்துட்டாரா அவரு?" என்று கேட்டார். "குடுத்துட்டாரு மாமி. பாக்கி ஒண்ணும் இல்ல" என்றேன். பிறகு இரண்டு பேருமே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டோம். வந்திருந்தவர்கள் அழுகிறோம் என்று நினைத்திருப்பார்கள்.

இப்போதெல்லாம் யார் ரம்ப மிஷின் கொண்டு வந்தாலும், எந்த மரத்துக்கு என்று கேட்டுவிடுகிறேன். சிலர் முறைக்கிறார்கள். போன மாதம் மலையிலிருந்து ஒருவர் வந்தார். வாசலில் நின்ற பலாமரத்தை எடுத்துவிட்டு அங்கே கொட்டகை போட வேண்டுமாம். கூட வந்த அவருடைய அம்மா எத்தனை நாளாகும் என்று மட்டும் இரண்டு முறை கேட்டார். மிஷினில் பிளக்கை மாற்றினால் போதும், பத்து நிமிஷ வேலை. நான் மகனிடம், ஒரு சாமான் சேலத்திலிருந்து வர வேண்டும், பத்து நாளாகும் என்று சொன்னேன்.

பத்தாம் நாள் மகன் தனியாக வந்தார். கொட்டகையைப் பின்பக்கம் போடுவதாக முடிவாகிவிட்டதாம், கிளையை மட்டும் கழித்தால் போதுமாம். மிஷினை ஓட்டிக் காட்டிக் கொடுத்து அனுப்பினேன். கூசாமல் பொய் சொல்ல எங்கே கற்றாய் என்று யாராவது கேட்டால் சொல்ல என்னிடம் ஒரு பெயர் இருக்கிறது. இதுவரை யாரும் கேட்கவில்லை.