சுக்குவின் எச்சில் பாத்திரம்

ஜூன் 9, திங்கள்

காலையிலிருந்து மழை. கழக்கூட்டம் ஆபீஸுக்குப் போய்ச் சேர்வதற்குள் முழங்கால் வரை ஈரம். அங்கே எங்களைப் போன்ற ஒப்பந்த ஊழியர்களுக்கு இனிமேல் வேறு நிற அட்டை, சாப்பாட்டுக்கு வேறு வரிசை.

திரும்பி வந்தால் வாசலில் வீட்டுக்கார மாமி. மத்தியானம் என் குட்டி சுக்கு அவள் கையைக் கவ்வியதாம். பல் பட்டிருக்கிறது, தோல் கிழியவில்லை. சோப்பு போட்டுக் கழுவச் சொன்னேன். ஏற்கெனவே மூன்று தடவை கழுவிவிட்டாளாம்.

"உன் நாய் கடிக்க வந்துடுத்து, கேட்டியா செல்வி? மூணு மாசக் குட்டிக்கு இத்தனை முறைப்பா? இன்னொரு தடவை ஆச்சுன்னா இங்க வேண்டாம். எங்கயாவது கொண்டு விட்டுடு."

எங்கே விட? கரமனைப் பாலத்தடியில் நனைந்து கிடந்ததைத்தான் எடுத்து வந்தேன். திரும்ப அங்கேயா.

ஜூன் 10, செவ்வாய்

என்னிடமும் அப்படித்தான். சாப்பிடும்போது பக்கத்தில் போனால் உடம்பு விறைக்கிறது, அவசரமாக விழுங்குகிறது, உறுமல். பழைய துண்டை முடிச்சுப் போட்டு ஒரு பொம்மை செய்து கொடுத்திருந்தேன். அதைக் கட்டிலுக்கடியில் இழுத்துப்போய் மேலே படுத்துக்கொள்கிறது.

ஆபீஸில் பக்கத்து சீட் பிரியா: "பாத்திரத்தப் பிடுங்கி வை. யாரு பாஸுன்னு தெரிஞ்சா அடங்கும்."

ஆபீஸில் எங்களிடமும் தினம் எதையாவது பிடுங்குகிறார்கள். அடங்கியிருக்கிறோம், வாஸ்தவம். நல்ல குணம் வந்ததாகத் தெரியவில்லை.

ஜூன் 11, புதன்

அரை நாள் லீவு. மிருக ஆஸ்பத்திரி. சுக்குவுக்கு ஊசி. டாக்டர் முதலில் மலையாளத்தில் கேட்டது: "ஆரா இவன்றெ பாத்திரம் எடுக்குந்நது?" யார் எடுக்கிறார்கள், தெரியவில்லை. மத்தியானம் நான் இருப்பதில்லை. தயிர்சாதம் போடுவது மாமி.

அவர் சொன்னது: தின்னும்போது பாத்திரத்தில் கை வைக்காதே. தள்ளி நின்று, சோற்றைவிட ருசியாக ஏதாவது போட்டுவிட்டுப் போய்விடு. பொம்மையையும் பிடுங்காதே, வேறொன்று கொடுத்து வாங்கு. உறுமினால் அடிக்காதே. உறுமலை அடக்கினால் அடுத்து நேரே கடிதான்.

வீட்டுக்கு வந்ததும் முற்றத்தில் நடக்கும் மத்தியானச் சாப்பாட்டை மாடியிலிருந்து பார்த்தேன். நாலு வாய் தின்றுவிட்டு சுக்கு காக்கையைப் பார்க்கத் தலை தூக்கியது. அவ்வளவுதான். மாமி பாத்திரத்தை எடுத்து, மிச்சத்தைத் தென்னை மூட்டில், வேர்மேல் கொட்டி, இடத்தைத் தண்ணீர் தெளித்துத் துடைத்துவிட்டாள். எச்சில் கிடக்கக் கூடாது. மனிதர்கள் இலையை விட்டு எழுந்ததும் செய்வதை நாய்க்கும் செய்கிறாள். சுக்கு கவ்விக்கொண்டு வந்திருந்த முடிச்சுத் துண்டும் எச்சில். துடைப்பத்தால் தள்ளி வெளியே.

ஆள் பக்கத்தில் வந்தால் சோறு போய்விடும். குட்டி அதைத்தான் படித்திருக்கிறது.

ஜூன் 12, வியாழன்

மாமியிடம் சொன்னேன்.

"எச்சிலை முத்தத்துல அப்படியே போட்டு வைக்கணுமா? நன்னாருக்கு."

"அது சாப்பிட்டு முடிக்கல மாமி."

"தலையைத் தூக்கித்தே."

"தலையைத் தூக்கினா முடிஞ்சுதுன்னு நாய்க்கு யாரு சொல்லிக் குடுத்தா? அது பாட்டுக்குத் தின்னட்டும். தேங்காய்ப் பத்தை ஒண்ணு போட்டுட்டுத் தள்ளிப் போங்க."

"இனி அதுக்குப் பரிமாறவும் செய்யணுமாக்கும்."

எனக்கு வாய் நிற்கவில்லை. குடிவந்த அன்று எனக்குத் தனி டம்ளர் எடுத்து வைத்தாளே, அதையும் கேட்டுவிட்டேன். மாமி கதவைச் சாத்திக்கொண்டாள். கேட்டது நியாயம். சுக்குவுக்கு அதனால் ஒரு லாபமும் இல்லை.

ஜூன் 13, வெள்ளி

மாமியின் கதவு இன்னும் சாத்தியே. மத்தியானச் சோறு மட்டும் போட்டிருக்கிறாள்.

வாங்க வேண்டியது: பல்பு, சோப்பு, தேங்காய்.

ராத்திரி தேங்காய்ப் பத்தை ஒன்றைத் தள்ளிப் போட்டேன். நான் வெளியிலிருந்து மீட்டு வந்திருந்த முடிச்சுத் துண்டை விட்டுவிட்டு சுக்கு வந்தது. தின்று முடித்ததும், அதற்குள் நான் எடுத்து வைத்திருந்த துண்டைத் திருப்பிக் கொடுத்தேன். ரொம்ப நேரம் என்னையே பார்த்தது.

ஜூன் 15, ஞாயிறு

வெயில். துணி காய்ந்தது.

மத்தியானம் மாமி சோறு வைத்துவிட்டு உள்ளே போகவில்லை. கையில் தேங்காய்ப் பத்தை. முதலாவதை எறிந்தாள், துவைக்கிற கல்லுக்குப் பின்னால் விழுந்தது. சுக்கு விறைத்தது. அடுத்தது அதன் மூக்குக்கு நேரே. தின்றது, தலை தூக்கி அவளைப் பார்த்தது. மாமியின் கை தானாகப் பாத்திரத்துக்குப் போய்விட்டது. நான் மாடிப்படியில் பாதி இறங்கிவிட்டேன். மாமி கையை இழுத்துக்கொண்டு தூண் பக்கம் நகர்ந்தாள்.

"தின்னு. யாரும் எடுக்கலை."

குட்டி மிச்சத்தையும் தின்றுவிட்டு நிழலுக்குப் போனது. அதன் பிறகுதான் பாத்திரம், தண்ணீர், துடைப்பு. பிறகு அவள் குளியல்.

ஈரத் தலையோடு வந்தவள், படியில் நின்ற என்னிடம், முகத்தைப் பார்க்காமல்:

"செவ்வாய்க்கிழமை நான் அக்கா ஆத்துக்குப் போறேன். மத்தியானம் இதுக்கு யாரு போடுவா?"