பதினேழாம் எண் படம்

கும்பகோணம்
5.2.2024

என் தம்பி ரகுவுக்கு,

அக்காவின் ஆசி. போனில் நீ பேசுவது எனக்கு வெறும் இரைச்சலாகத்தான் கேட்கிறது. அதனால் பழையபடி கடிதம். தஞ்சாவூரில் நடக்கும் உன் ஓவியக் கண்காட்சியை நேற்று மருமகள் ஹம்சத்வனியோடு போய்ப் பார்த்தேன். திறப்பு விழாவுக்கு வரவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. அன்றைக்கு முழங்கால் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.

உன் நாற்பது வருஷ உழைப்பை ஒரே கூடத்தில் பார்க்க எனக்குப் பெருமை தாங்கவில்லை. கத்தரிக்காய்ப் படத்தின் முன்னால் ஓர் அம்மாள், "காம்பு கூட வாடலை பாருங்க, இன்னிக்குப் பறிச்சதுதான்" என்று வீட்டுக்காரரிடம் சொன்னாள். வரைந்தவன் என் தம்பி என்று சொல்ல வாய் துறுதுறுத்தது. சொல்லியும் விட்டேன்.

மனிதர்களை வரைந்த படங்களில் ஒரு பெண் தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறாள். நம் வீட்டில் வேலை செய்த அம்சம்தானே அது? அடுத்த சுவரில் பதினேழாம் எண் படம். வெள்ளிப் பன்னீர்ச் செம்பு, பக்கத்தில் இரண்டு எலுமிச்சம்பழம். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். செம்பின் வயிற்றில் "நா. விஜயம்" என்று பெயர் வெட்டியிருக்கிறது. என் கல்யாணத்துக்காக அப்பா வாங்கிப் பெயர் வெட்டிய செம்பு. படத்தின் மூலையில் உன் கையெழுத்து, மார்ச் 1984.

செம்பு காணாமல் போனது பிப்ரவரியில். கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது, அம்சம்தான் எடுத்தாள் என்று அப்பா அவளைத் துரத்தினார். மார்ச் மாதம் அது உன் முன்னால் எப்படி வந்தது, ரகு?

உன் அக்கா
விஜயம்

சென்னை
8.2.2024

அன்புள்ள அக்கா,

நான்தான் எடுத்தேன்.

கல்லூரியில் பளபளப்பான பாத்திரம் ஒன்றை வரையச் சொல்லியிருந்தார்கள். இரண்டு நாளில் திருப்பி வைத்துவிடலாம் என்று துணிப்பையில் சுருட்டி விடுதிக்குக் கொண்டுபோனேன். வெள்ளிக்கிழமை ஊருக்கு வந்தபோது அம்சம் இல்லை. "களவாணியை விரட்டியாச்சு" என்று அப்பா சொன்னார். அப்போது வாயைத் திறந்திருந்தால் தோலை உரித்திருப்பார். பத்தொன்பது வயதுக் கோழை நான். பிறகு உன் கல்யாணம் வந்தது. அதன் பிறகு சொல்ல ஒவ்வொரு வருஷமும் இன்னும் கஷ்டமாகிவிட்டது.

செம்பில் வெட்டியிருந்த உன் பெயரை எழுத்துப் பிசகாமல் வரைந்ததற்காகத்தான் வாத்தியார் என்னை மெச்சினார். கண்காட்சிக்காரர்கள் என் பழைய ஓவியக் கட்டு ஒன்றிலிருந்து அந்தப் படத்தை எடுத்தபோது நான் அதை மறந்தே போயிருந்தேன். அம்சத்தை மட்டும் மறக்கவில்லை. இதுவரை பதினோரு முறை வரைந்திருக்கிறேன். அவளிடம் மன்னிப்புக் கேட்க எனக்குத் தெரிந்த வழி அதுதான். செம்பு இன்னும் என் பீரோவில் இருக்கிறது.

என்னை வெறுத்துவிடாதே.

ரகு

கும்பகோணம்
11.2.2024

ரகு,

உன்னைச் சொல்ல எனக்கு மட்டும் என்ன யோக்கியதை இருக்கிறது? அன்றைக்கு அவள் இடுப்பிலிருந்த சுருக்குப்பையை அவிழ்த்துக் கொட்டியவள் நான். வெற்றிலையும் ஒரு சீப்பும் விழுந்தன. தெருவே பார்த்தது. இரண்டு நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை.

விசாரித்துவிட்டேன். அம்சம் இருக்கிறாள். திருவையாற்றுப் பக்கம் மகள் வீட்டில். ஞாயிற்றுக்கிழமை, கண்காட்சியின் கடைசி நாள், அவளைக் காரில் தஞ்சாவூருக்கு அழைத்து வருகிறேன். நீயும் வா. அந்தப் படத்துக்கு முன்னால் நின்று உன் வாயால் அவளிடம் சொல். அவளுக்கு எழுபது தாண்டிவிட்டது. இனி எப்போது சொல்லப்போகிறாய்?

அக்கா

சென்னை
14.2.2024

அன்புள்ள அக்கா,

ஞாயிற்றுக்கிழமை என்னால் வர முடியாது. கடைசி நாள் பத்திரிகைக்காரர்கள் வருவார்கள். அவர்கள் எதிரில் இதைப் பேசினால் அவளுக்கும் சங்கடம். பங்குனியில் நானே போய்ப் பார்க்கிறேன், நிச்சயமாக. பதினேழாம் எண் படத்தை எடுத்துவிடச் சொல்லிவிட்டேன். அதைப் பார்த்தால் அவளுக்குப் பழையதெல்லாம் கிளறும். செம்பைக் கூரியரில் அனுப்பியிருக்கிறேன். அவளிடமே கொடுத்துவிடு.

ரகு

கும்பகோணம்
20.2.2024

ரகு,

அம்சம் வந்தாள். பேத்தி புடவையைத் தேய்த்து, பொருத்தமான ஜாக்கெட்டோடு கட்டிவிட்டிருந்தாள். கூடத்துக்குள் கூட்டிக்கொண்டு போனேன். பதினேழாம் எண் இருந்த இடத்தில் ஆணி மட்டும் இருந்தது. அவள் திருடவில்லை என்பதற்கு உலகத்தில் இருந்த ஒரே சாட்சி. அதையும் நீ கழற்றிவிட்டாய்.

வேறு வழியில்லாமல் நானே சொன்னேன். அவள் காலைத் தொடப் போனேன், விடவில்லை. செம்பை நீட்டினேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "இத நான் வாங்கிட்டுப் போனா, அப்ப எடுத்து ஒளிச்சு வச்சத இப்ப வெளிய எடுத்தேன்னுதானே ஊரு சொல்லும் பாப்பா?" என்றாள். எனக்கு அந்த யோசனையே வரவில்லை. உனக்கும் வரவில்லை.

அவளை வரைந்த படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றாள். "மூஞ்சி நாந்தான். ஆனா நான் எங்க தலய குனிஞ்சேன்? ஐயா கண்ணப் பாத்து, எடுக்கலன்னு மூணு தரம் சொன்னேனே" என்றாள். ஆமாம், ரகு. நிமிர்ந்துதான் நின்றாள். நான் பார்த்தேன். நீ அன்றைக்கு ஊரிலேயே இல்லை.

பிறகு அவள் சொன்னதைக் கேட்டுக்கொள். "தம்பி அத பைல சுருட்டுனத அடுப்படிலேர்ந்து நான் பாத்தேன். வூட்டுப் புள்ளய நான் கைகாட்டுனா யாரு நம்புவா? தம்பி வெள்ளிக்கிழம வந்து சொல்லிப்புடும்னு இருந்தேன். அந்த வெள்ளிக்கிழம பூரா ஆத்துக்கு அந்தாண்ட ஒக்காந்து, ஆள் அனுப்புவாங்கன்னு பாத்துக்கிட்டேயிருந்தேன்."

திரும்பும்போது வாசலைப் பார்த்து, "தம்பி வரலியா?" என்று கேட்டாள். வேலை இருக்கிறது என்று சொன்னேன். உனக்காக நான் சொன்ன கடைசிப் பொய் அது.

பங்குனியில் வருகிறேன் என்று எனக்கு எழுதாதே. அவளைப் பார்த்துப் பேசும் வரைக்கும் எதுவும் எழுதாதே. கடிதம் வந்தாலும் பிரிக்க மாட்டேன். அவள் பேத்தியின் போன் எண்ணைப் பின்பக்கம் குறித்திருக்கிறேன். ஞாயிறு போய் வந்ததிலிருந்து அவளுக்குக் காய்ச்சலாம்.

விஜயம்