சின்ன மெப்பில் மூன்று சிவப்புப் புள்ளிகள்

மார்ச் 5, புதன்

காலையிலிருந்து தூறல். மஹய்யாவ ரோட்டில் சேறு. வேலைக்குப் பத்து நிமிஷம் தாமதம், முதலாளி முறைப்பு.

பின்னேரம் கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்தடி நெட் கடையில் கம்ப்யூட்டர் கேம் பயிற்சி. ஐந்து பேர் டீம், கேப்டன் சமிந்த. என் வேலை வார்டு வைப்பது. கேமின் வரைபடம், அந்த மெப், முழுக்க இருட்டு, நம் ஆள் நிற்கிற இடம் மட்டும் வெளிச்சம். வார்டு என்பது ஒரு குச்சி, அதை நட்டால் அந்த இடமும் கொஞ்ச நேரம் தெரியும். மற்ற நால்வரும் ஆளைக் கொன்று பேர் வாங்குவார்கள். நான் குச்சி நடுகிறவன். போகட்டும்.

சனிக்கிழமை மெட்சுக்கு:
– ஆற்று நடுவில் வைக்காதே, எல்லோரும் தேடுவது அங்கேதான். மேட்டில் வை.
– வைத்தால் போதாது, பார். திரை மூலையிலிருக்கும் சின்ன மெப்பை மூச்சுக்கு ஒரு தடவை.
– எதிரியைக் கண்டால் கத்து. சண்டையில் இருப்பவன் மெப் பார்க்க மாட்டான்.

சமிந்தவுக்கும் மற்ற இருவருக்கும் சிங்களத்தில் கத்த வேண்டும், அருளுக்குத் தமிழில். அவன் யாழ்ப்பாணம். படிக்க வந்து ஒன்றரை வருஷம், சிங்களம் இன்னும் ஓடவில்லை.

மார்ச் 7, வெள்ளி

பஸ்ஸில் குண்டு என்று ரேடியோ. டவுனெல்லாம் செக்கிங், மூன்று இடத்தில் அடையாள அட்டை காட்டினேன். அம்மா: "வெளியில தமிழ்ல வாயத் தொறக்காத. பஸ்ல போன் வந்தாலும் எடுக்காத." சரி சரி என்றேன். மழை இல்லை.

மார்ச் 8, சனி

தோல்வி. எழுதவே கை வரவில்லை.

மெட்சில் நாங்கள்தான் முன்னால் இருந்தோம். அப்போது இரண்டு பேர் கடைக்குள் வந்தார்கள். ஒட்ட வெட்டிய முடி, சிவில் உடுப்பு. எங்கள் கதிரைகளுக்குப் பின்னால் நின்றார்கள். ஆமியா, பொலிஸா என்று கேட்கவா முடியும்!

அதே நேரம் சின்ன மெப்பில் மூன்று சிவப்புப் புள்ளிகள், எதிரிகள். என் வார்டைத் தாண்டி, காட்டு வழியாக, அருளின் முதுகுப் பக்கம். "பின்னால வாறாங்க!" அவ்வளவுதான் சொல்ல வேண்டும். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. சிங்களத்திலாவது கத்தியிருக்கலாம், சமிந்த ஓடிப் போயிருப்பான். அதுகூடத் தோன்றவில்லை. மடையன் நான். கேமில் அருளின் ஆள் செத்து, எங்கள் கோட்டையும் போனது.

அந்த இரண்டு பேரும் ஏதோ விண்ணப்ப ஃபோம் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

அருள் கேட்டான்: "நீ காணேல்லையோ?"

"இல்ல மச்சான். வார்டு முடிஞ்சிருச்சு."

பச்சைப் பொய். அதையே சிங்களத்தில் சமிந்தவிடமும் சொன்னேன். அவன் அருள் மேல் பாய்ந்தான். வார்டு இல்லையென்றால் தனியாக அவ்வளவு தூரம் ஏன் போனாய், இனி வராதே என்று. அதை அருளுக்குத் தமிழில் சொன்னதும் நான்தான்.

மார்ச் 10, திங்கள்

அருளின் கதிரையில் வேறு ஒருவன். நன்றாகத்தான் விளையாடுகிறான். அருளுக்குக் கண்டியில் எங்களை விட்டால் ஆள் கிடையாது. வகுப்பு, போர்டிங் அறை, நாங்கள். அதையும் கெடுத்துவிட்டேன்.

செருப்பு வார் அறுந்தது, தைக்கக் கொடுக்க வேண்டும்.

மார்ச் 12, புதன்

நல்ல வெயில். அரை நாள் லீவு சொல்லிவிட்டு அருளின் போர்டிங்குக்குப் போனேன். உட்காரவில்லை.

"அருள், வார்டு இருந்துச்சு. மூணு பேரையும் பாத்தேன். பயத்துல சொல்லல. பொய் சொல்லிட்டேன்டா."

அவன் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தான். "தெரியும். நீ வாய் திறந்ததைக் கண்டனான்."

"அப்பறம் ஏன் பேச்சு வாங்கிட்டு நின்ன? சமிந்தகிட்ட சொல்லியிருக்கலாமே."

"விளையாட்டு கிடக்கட்டும். பின்னால அந்த ரெண்டு பேரும் நிக்க, நீ தமிழில கத்திப்போடுவியோ எண்டுதான் நான் பயந்துகொண்டிருந்தனான். நல்லகாலம், கத்தேல்லை."

சமிந்தவிடம் உண்மையைச் சொல்கிறேன், திரும்பி வா என்றேன். "வேண்டாமடா" என்றான்.

சமிந்தவிடம் நாளைக்குச் சொல்லத்தான் போகிறேன். ஆனால் அவனுக்கு விளங்காது. அன்று அந்த இரண்டு பேர் பின்னால் நின்றபோதும் அவன் சிங்களத்தில் தொண்டை கிழியக் கத்திக்கொண்டுதான் இருந்தான்.