கட்டத்துக்குக் கீழே ஒரு தெரு

ஜூன் 3

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லாரும் சுகம், என் தையல் மெஷினைத் தவிர. உப்புக் காற்றில் அதற்கும் மூட்டுவலி வந்துவிட்டது.

உன்னை டிவியில் பார்த்தோம். அமைச்சருக்குப் பக்கத்தில் நின்று, கடல் எவ்வளவு உயரும், எந்தத் தெரு முதலில் மூழ்கும் என்று குச்சியால் காட்டிக்கொண்டிருந்தாய். "ஆராய்ச்சிக்காரங்க பேசினா தூக்கம்தான் வரும். இவன் பேசினா புரியுதே!" என்றார் உன் அத்தான். அவர் ஒருவரைப் பாராட்டி நான் பார்த்ததே இல்லை. சட்டைதான் கசங்கியிருந்தது. இஸ்திரிப் பெட்டி என்று ஒன்று இருக்கிறது, தெரியுமா?

ஒரு விஷயம். கடல் சுவர் கட்டுவதற்கு அளவெடுக்க வந்தார்கள். ஐஸ் பேக்டரியோடு கல் நடுவதை நிறுத்திவிட்டார்கள். அதற்கு அடுத்தது நம் தெரு. ஏன் என்று கேட்டால் பொறியாளர் உன் வரைபடத்தை விரித்துக் காட்டுகிறார். நம் தெரு இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக ஒரு கட்டம். சிவப்பு என்றால் அதிக ஆபத்து, மஞ்சள் என்றால் குறைவு என்று அதில் எழுதியிருக்கிறது. சட்டைக் கிழிசலின் மேல் பாக்கெட் வைத்துத் தைத்த மாதிரி இருந்தது.

"என் தம்பிகிட்ட ஒரு வார்த்தை சொன்னா போதும்" என்று தெரு முழுக்கச் சொல்லியிருக்கிறேன். கேட்டு எழுது.

அன்புடன்,
அக்கா


ஜூன் 19

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. வேலை தலைக்கு மேல் இருப்பதால் தாமதம். சட்டைக்கு மன்னிப்பு.

விசாரித்தேன். விடுபட்ட பகுதிகள் அடுத்த ஆண்டுத் திட்டத்தில் உரிய முறையில் பரிசீலிக்கப்படும் என்று நம்பப்படுகிறது. நீ கவலைப்படாதே. மெஷினுக்கு எண்ணெய் போடு. அத்தானைக் கேட்டதாகச் சொல்.

உன் தம்பி


ஆகஸ்ட் 8

அன்புள்ள தம்பிக்கு,

"பரிசீலிக்கப்படும் என்று நம்பப்படுகிறது." யார் பரிசீலிப்பார்கள்? யார் நம்புகிறார்கள்? வீட்டுக்கு எழுதும்போதாவது நீயாக எழுதக்கூடாதா?

செவ்வாய்க்கிழமை கடல் தெருவுக்குள் வந்துவிட்டது. முழங்கால் அளவுத் தண்ணீர். மெஷினை மேசைமேல் ஏற்றியதால் தப்பித்தது. எதிர்வீட்டு நர்ஸின் மாமியார்தான் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு உடைந்து படுத்துக் கிடக்கிறார்.

அந்த நர்ஸ் என்னிடம், "உங்க தம்பி போட்ட படந்தானே அது?" என்று கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. "அவன் அப்படிச் செய்ய மாட்டான். அவன் குடுத்ததுக்கு அப்புறம் யாரோ அந்தக் கட்டத்த ஒட்டிட்டாங்க" என்று சண்டைக்கே போய்விட்டேன். அதிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை.

யார் ஒட்டியது என்று மட்டும் எழுது. அவளிடம் காட்ட வேண்டும்.

அக்கா


ஆகஸ்ட் 16

அக்கா,

ஒட்டியது நான்தான்.

ஒரே பக்கத்தில் எல்லாம் இருக்க வேண்டும், அமைச்சர் இரண்டாவது பக்கத்தைப் புரட்ட மாட்டார் என்றார்கள். நிறங்களுக்கு விளக்கம் சொல்லும் அந்தக் கட்டத்தை எங்கேயாவது வைத்தாக வேண்டும். மற்ற மூலைகளில் துறைமுகம், பெரிய ஆஸ்பத்திரி, அதிகாரிகள் குடியிருப்பு. நம் மூலையை மறைத்தால் யாரும் கேட்க மாட்டார்கள் என்று தோன்றியது. நீ அங்கே இருப்பது தெரிந்துதான் வைத்தேன். படத்தில்தானே மறைகிறது, பேசும்போது வாயால் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன்.

கூட்டத்தில் செயலாளர் அந்தக் கட்டத்தின் ஓரத்தில் விரலை வைத்து, "சுவர் இதுவரைக்கும் போதும்ல?" என்று கேட்டார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் அமைச்சர், "இவ்வளவு தெளிவா இதுவரைக்கும் எனக்கு யாரும் சொன்னதில்ல" என்றார். அந்தப் பாராட்டு எனக்கு இனித்தது, அக்கா. தலையாட்டிவிட்டேன்.

நேற்று, கட்டம் இல்லாத படத்தை அமைச்சருக்கும் பத்திரிகைகளுக்கும் அனுப்பிவிட்டேன். மறைத்தது நான் என்றும் எழுதினேன். என் வேலை என்னாகுமோ தெரியாது. ஒரு படம் உனக்கும் இதனுடன் வைத்திருக்கிறேன். இந்தக் கடிதத்தைத் தெருவில் எல்லாருக்கும் படித்துக் காட்டு. வெட்கத்தில் கூசிப்போய் இருக்கிறேன். உன் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று தெரியவில்லை.

தம்பி


ஆகஸ்ட் 25

தம்பிக்கு,

படத்தை ஐஸ் பேக்டரிச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். அதில் நம் தெருதான் முழுச் சிவப்பு. பொறியாளர் மறுபடி வந்து எங்கள் வாசல் வரை அளந்துவிட்டுப் போனார். கல் இன்னும் நடவில்லை.

உன்மேல் வந்த கோபத்தை எழுத இந்தத் தாள் போதாது. ஞாயிற்றுக்கிழமை தெருவைக் கூட்டி உன் கடிதத்தைப் படித்தேன். நர்ஸ் எனக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தாள். நீ கட்டத்தை ஒட்டியது வரை படித்துவிட்டேன். "கூட்டத்தில் செயலாளர்" என்ற இடம் வந்ததும் நிறுத்திவிட்டேன். வாயால் சொல்ல மறந்துவிட்டான் என்றாவது நினைக்கட்டுமே என்று, அந்தப் பத்தியைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு நேராக "நேற்று" என்ற இடத்துக்குத் தாவிவிட்டேன்.

எல்லாரும் கைதட்டினார்கள். "தப்ப ஒத்துக்கிட்டாரே, பெரிய மனசு" என்றாள் நர்ஸ். எனக்கும் இனித்தது. அன்றிலிருந்து அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

கடிதம் மெஷின் டிராயரில் இருக்கிறது. வருகிற ஞாயிறு புறப்பட்டு வா. நீ தலையாட்டியதை நீ படி. நான் மறைத்ததை நான் சொல்கிறேன்.

சட்டை கசங்கியிருந்தால் பரவாயில்லை.

அக்கா