கன்னியம்மாவின் வாக்குமூலம்

ராஜகீழ்ப்பாக்கம்,
4 பிப்ரவரி 2025

கிறிஸ்துவுக்குள் அன்பான ஆஸ்டின் மாஸ்டருக்கு,

ரத்தினபாய் டீச்சர் எழுதுவது. ஏழு வருஷம் கழித்து இந்தக் கையெழுத்தைப் பார்த்தால் உங்களுக்குக் கோபம் வரலாம். வந்தாலும் கடைசிவரை படித்துவிடுங்கள். நம் பள்ளி கிளார்க் சுவிசேஷமுத்துவிடம் விலாசம் வாங்கினேன். போன் நம்பரும் கொடுத்தார். போனில் இதைச் சொல்ல எனக்கு வாய் வராது.

போன மே மாதத்தோடு ரிட்டயர் ஆகிவிட்டேன். முட்டி வலிதான் இப்போது துணை. நீங்கள் கோவளத்தில் மீனவர் பிள்ளைகளுக்கு வாலிபால் சொல்லித் தருகிறீர்களாம். உங்கள் மகள் கிறிஸ்டிக்கு நர்ஸிங் கடைசி வருஷமாமே. நம் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் பாதியில் டி.சி. வாங்கிக்கொண்டு போன பிள்ளை. கேட்டுச் சந்தோஷப்பட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். அன்றைக்கு மாடி வராந்தாவிலிருந்து நீங்கள் போட்ட ஸ்போர்ட்ஸ் ரூம் சாவிக்கொத்து, கீழே நின்ற ஆயா கன்னியம்மாவின் நெற்றியில் பட்டு மூன்று தையல் போட்டார்களே. மறுநாள் தாளாளர் என்னைக் கூப்பிட்டு, கன்னியம்மா சொல்வதை இங்கிலீஷில் வாக்குமூலமாக எழுதச் சொன்னார். "மாஸ்டர் சாவிய தூக்கிப் போட்டாரும்மா, நெத்தியில பட்டுச்சு" என்றார் கன்னியம்மா. தமிழில் அவ்வளவுதான். இங்கிலீஷில் 'த்ரோ' என்று எழுதினால் பின்னால் ஒரு ப்ரிபொசிஷன் கேட்கிறது. 'டு' போட்டால், பிடித்துக்கொள்ளட்டும் என்று அவரிடம் போட்டதாக அர்த்தம். 'அட்' போட்டால், அவரைக் குறிபார்த்து எறிந்ததாக அர்த்தம். அடிபட்டிருக்கிறதே என்று 'அட்' போட்டுவிட்டேன். இரண்டெழுத்துச் சொல். உங்கள் வேலை போயிற்று.

ரிட்டயர் ஆன பிறகு வேறு எதுவும் நினைவுக்கு வருவதில்லை. மன்னித்துவிடுங்கள் என்று கேட்கத்தான் எழுதினேன்.

இப்படிக்கு,
ரத்தினபாய்


கோவளம்,
18 பிப்ரவரி 2025

அன்புள்ள டீச்சருக்கு,

ஸ்தோத்திரம். உறையில் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும், என் பழைய தப்பையெல்லாம் சிவப்பு மையில் சுழித்து அனுப்பியிருக்கிறீர்களோ என்று பயந்துவிட்டேன். முட்டிக்குத் தைலம் மட்டும் போதாது. நாற்காலியில் உட்கார்ந்தபடி காலை நீட்டி மடக்குங்கள், காலையில் இருபது, சாயங்காலம் இருபது.

உங்களை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். விசாரணையில் அந்த வாக்குமூலத்தை இங்கிலீஷில் படித்து, "யெஸ் ஆர் நோ?" என்று கேட்டார்கள். "யெஸ் சார், பை மிஸ்டேக்" என்றேன். எனக்கு டுவும் அட்டும் ஒன்றுதான். என் யெஸ்ஸை மட்டும் எழுதிக்கொண்டார்கள். டிஸ்மிஸ் ஆர்டரை கிறிஸ்டிதான் படித்து அர்த்தம் சொன்னாள். "ஆயா மேல எதுக்குப்பா எறிஞ்சீங்க?" என்று கேட்டாள். இல்லை என்று சொன்னேன். நம்பினாளா என்று இன்றுவரை தெரியாது.

கன்னியம்மாதான் மாற்றிச் சொல்லிவிட்டார் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். அப்போது சேலையூரில் குடியிருந்தோம். ஒரு நாள் மத்தியானம் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு நான் கதவைத் திறக்கவில்லை. வெயிலில் வெகுநேரம் நின்றுவிட்டுப் போனார். உங்கள் கடிதம் வந்ததிலிருந்து அதுதான் கண்ணில் நிற்கிறது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன் டீச்சர். அவர் அந்த ஒரு வரி மட்டும்தான் சொன்னாரா? நான் "புடிம்மா" என்று குரல் கொடுத்துவிட்டுத்தான் போட்டேன். அவர் நிமிர்ந்து பார்த்து முந்தானையை விரித்தார். வெயில் கண்ணில் அடித்திருக்க வேண்டும். அதை அவர் சொல்லவே இல்லையா?

அன்புடன்,
ஆஸ்டின்


ராஜகீழ்ப்பாக்கம்,
2 மார்ச் 2025

அன்புள்ள மாஸ்டருக்கு,

உங்கள் கேள்விக்குப் பதில் எழுத இத்தனை நாள் ஆயிற்று. மூன்று தடவை எழுதிக் கிழித்தேன்.

சொன்னார். "புடிம்மான்னு சொல்லிட்டுத்தாம்மா போட்டாரு, நாந்தான் உட்டுட்டேன்" என்றார். நான் அதை எழுதவில்லை.

தாளாளர் சொல்லித் தரவில்லை. "சுருக்கமா எழுதுங்க டீச்சர்" என்று மட்டும்தான் சொன்னார். காரணம் என்னிடம்தான் இருந்தது. உங்கள் லீவ் லெட்டரில் 'ரிக்வெஸ்ட்' பக்கத்தில் தேவையில்லாமல் ஒரு 'ஃபார்' போட்டிருந்தீர்கள். அதைச் சுழித்து ஸ்டாஃப் ரூமில் எல்லோரிடமும் காட்டினேன். நீங்கள் பதிலுக்கு ஆண்டுவிழா ஒத்திகையில், மூக்கு நுனியில் கண்ணாடியை இறக்கிக்கொண்டு, "நோ ஃபார் ஆஃப்டர் ரிக்வெஸ்ட்!" என்று என்னைப்போலவே பேசிக் காட்டினீர்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் மேடையடியில் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இருபத்தாறு வருஷம் பாடம் எடுத்தவள் நான். ஒரு பிள்ளையும் என்னிடம் அப்படிச் சிரித்ததில்லை.

அதற்கு இரண்டு நாள் கழித்துத்தான் அந்த வாக்குமூலம். 'டு' என்பதுதான் சரி என்று தெரிந்தே 'அட்' எழுதினேன். ஒரு மெமோ கொடுப்பார்கள், கொஞ்சம் அடங்குவீர்கள் என்று நினைத்தேன். வேலையை எடுப்பார்கள் என்று நினைக்கவில்லை. எடுத்த பிறகும் வாயைத் திறக்கவில்லை. போன கடிதத்தில்கூட இலக்கணத்தின் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

நேற்று நிர்வாகத்துக்கு நடந்ததை நடந்தபடி எழுதி ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினேன். நகல் இதனுடன் இருக்கிறது.

ரத்தினபாய்


கோவளம்,
20 மார்ச் 2025

டீச்சர்,

நகல் கிடைத்தது. கிறிஸ்டியிடம் கொடுத்தேன். இரண்டு முறை படித்தாள். பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

சனிக்கிழமை பள்ளிக்கரணைக்குப் போனேன். கன்னியம்மா அங்கே மகள் தையல்நாயகியோடு இருக்கிறார். கதவைத் திறக்காமல் இருந்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். "வுடுங்க மாஸ்டர், வூட்ல யாரும் இல்லன்னு நெனச்சுகினேன்" என்றார். பொய். ஜன்னலில் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் அன்றைக்கு நின்றார்.

என் வேலை ஏன் போயிற்று என்று அவருக்கு இன்றுவரை புரியவில்லை. "நம்ம டீச்சர் நல்லாகீறாங்களா? நான் சொன்னத அவங்கதான் இங்கிலீஷ்ல எழுதிக் குடுத்தாங்க. அப்பிடியும் உங்கள அனுப்பிட்டாங்களே" என்றார். நான் எதுவும் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

போய்ச் சொன்னீர்களானால் ஒரு வரி எழுதுங்கள். அதற்குமேல் நமக்குள் கடிதம் வேண்டாம். கோபத்தில் எழுதவில்லை. ஐந்து நாள் பொறுத்துத்தான் எழுதுகிறேன்.

ஆஸ்டின்


ராஜகீழ்ப்பாக்கம்,
6 ஏப்ரல் 2025

மாஸ்டர் அவர்களுக்கு,

ஒரு வரி கேட்டீர்கள். என்னால் முடியவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நேற்று போனேன். கன்னியம்மா பிளாஸ்டிக் நாற்காலியை முந்தானையால் துடைத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். 'டு' என்றால் என்ன, 'அட்' என்றால் என்ன என்பதையும் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டார். பிறகு, "புடின்னு சொல்லிட்டுத்தான் போட்டாருன்னு நான் சொன்னேனேம்மா" என்றார்.

"சொன்னீங்க கன்னியம்மா."

"நான் சொல்லச் சொல்ல நீங்க எழுதிகினேதானே இருந்தீங்க. நான் எதிர்ல நின்னு உங்க கையையே பாத்துகினு இருந்தேன். அப்ப இன்னாதாம்மா எழுதினீங்க?"

அவர் கொஞ்ச நேரம் காத்திருந்தார். உண்மையிலேயே பதிலுக்காகத்தான் காத்திருந்தார். அப்புறம் சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். தையல்நாயகி வெளியே வந்து, "அம்மா படுத்துகினாங்க. நீங்க கெளம்புங்க டீச்சர்" என்றாள்.

நிர்வாகத்திலிருந்து இன்னும் பதில் இல்லை. வந்தால் சுவிசேஷமுத்து உங்களிடம் கொண்டுவந்து தருவார். நான் எழுத மாட்டேன்.

ரத்தினபாய்