ஈயக் குட்டையில் வளர்ந்த உருண்டை

அக்கா,

நேற்றுக் காலை அந்த உருண்டையை மறுபடி பார்த்தேன். தண்ணீரைச் சோதிக்கப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த தமிழ்ப் பெண் ஒருத்தி, நாம் வேலை பார்த்த செம்பனைத் தோட்டத்துப் பழைய ஈயச் சுரங்கக் குட்டையிலிருந்து அதைத் தூக்கி வாளியில் போட்டிருந்தாள். தேங்காய் அளவு இருந்தது. மேலெல்லாம் பூப்பூவாகப் புள்ளி, உள்ளே உறைந்த கஞ்சி மாதிரி வழுவழுப்பு. அதே மீன் கவிச்சி. அவள் கையுறைகூடப் போடவில்லை.

"தொடாதம்மா, வெசம்!" என்று கத்திவிட்டேன்.

அவள் சிரித்தாள். "வெசம் இல்ல லா ஆன்ட்டி. இது உயிரு. குட்டிக் குட்டிப் பிராணிங்க ஆயிரக்கணக்குல ஒட்டிக்கிட்டு இருக்கு. கொளத்துல தானா வளரும்."

"மருந்துத் தண்ணி கலந்து வர்றது இல்லையா?"

"யாரு சொன்னா? அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

செம்பனை மரத்தடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன், அக்கா.

என் பிள்ளைகள் சின்னதாக இருந்த அந்த வருடம், திருவிழாவுக்குக் கரகம் பாலித்துத் தண்ணீர் எடுத்துவரப் போனவர்கள், குட்டையில் இதே உருண்டைகளைக் கண்டு அலறிக்கொண்டு ஓடி வந்தார்கள். நம்மைப் போலக் களைக்கொல்லி அடிக்கும் பெண்களில் யாரோ மருந்துப் பம்பைக் குட்டையில் கழுவியதால்தான் அம்மன் தண்ணீர் கெட்டுவிட்டது என்று கோயிலில் கூட்டம் போட்டார்கள்.

"அங்க கழுவாதடி, நாலு பேரு பொழங்குற தண்ணி" என்று எனக்குச் சொன்னவள் நீ. மருந்து ஸ்டோர்க் குழாயடியில் வரிசை நிற்கப் பொறுமையில்லாமல் கழுவியவள் நான். "யாருன்னு நீ பாத்தியா?" என்று கோயில் தலைவர் என்னைக் கேட்டதும், என் வாய் உன் பெயரைச் சொல்லிவிட்டது. வாய் என்ன வாய், நான்தான் சொன்னேன்.

நீ மறுக்கவில்லை. என்னை ஒரு தரம் பார்த்தாய். வருடா வருடம் நீ எடுத்த பால்குடத்தை அந்த வருடம் உனக்குத் தர மாட்டோம் என்றார்கள். உன் வீட்டில் யாரும் கை நனைக்கவில்லை. அடுத்த தீபாவளிக்குள் கெர்லிங் டவுனில் இருக்கும் மகள் வீட்டோடு போய்விட்டாய். போன வருடம் உன் சாவுக்கு வந்தேன். முகம் பார்க்கத் தைரியமில்லாமல் கடைசி வரிசையிலிருந்தே திரும்பிவிட்டேன்.

இத்தனை நாளும் என் குற்றத்தை உன் தலையில் ஏற்றியதாக நினைத்து வெந்துகொண்டிருந்தேன். இப்போது பார்த்தால், அந்த உருண்டைக்கு நீயும் காரணமில்லை, நானும் காரணமில்லை. நடக்காத ஒன்றுக்காக உன்னைக் காட்டிக்கொடுத்திருக்கிறேன். என்ன பிறவி நான்!

நேராகத் தலைவரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். "பழைய கத லா, அந்தம்மாவும் போய்ட்டாங்க, விடு" என்றார். அவருக்கு அவ்வளவுதான்.

பிறகு உன் மகளுக்குப் போன் செய்தேன். அழுதுகொண்டே சொல்லி முடித்தேன்.

"கழுவுனது நீங்கதான்னு அம்மாவுக்கு அப்பவே தெரியும் சித்தி. 'புருசன் இல்லாம மூணு புள்ளைங்கள வச்சிருக்கா, அவள ஒதுக்குனா எங்க போவா'ன்னு சொன்னாங்க. யாருகிட்டயும் சொல்லக்கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டாங்க."

அந்த மூன்று பிள்ளைகளும் இன்றுவரை உன் பெயரைக் கேட்டால் முகம் சுளிக்கிறார்கள், அக்கா. குட்டையைக் கெடுத்தவள் நீ என்றே நான் சொல்லி வளர்த்தேன். ஞாயிற்றுக்கிழமை மூவரையும் வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். எங்கிருந்து ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லை.